எட்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும்

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளையை எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பேசி முடித்த நாளில், கூடியிருந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டார்கள், குடும்பத்தைக் கேட்டார்கள், நிறத்தைக்கூடக் கேட்டார்கள். எங்கள் பக்கத்து வளவுக்காரர் மட்டும் கதிரையின் நுனியில் அமர்ந்து, குடிக்காத தேநீரைக் கையில் ஏந்தியபடி, "கட்டுநாயக்கா எயாப்போட்டில இருந்து ஆயிரத்து எழுநூறு மைல். மூண்டரை மணித்தியாலம்" என்றார்.

"மைல் கேட்டுக் கலியாணம் பேசுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்று குசினிக்குள் இருந்து பெண்ணின் தாய் சொல்ல, வீடே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "பாதிக்கு மேல கடல், பிள்ளை. இறங்க இடமில்ல" என்றார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரு அவரைக் கிளாக்கர் மாமா என்றே அழைத்தது. எங்கள் ஊரை அடுத்த சீனன்குடா விமானத்தளத்தில் வெள்ளைக்காரர் காலத்திலேயே எழுதுவினைஞராகச் சேர்ந்து, தளம் நம்மவர் கைக்கு வந்த பின்னும் சில ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டாதவர். எங்கள் வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். மெலிந்த உடல், சலவை செய்த காற்சட்டை, மணிக்கூட்டின் முகம் மணிக்கட்டின் உட்புறமாக இருக்கும்படி கட்டியிருப்பார். நேரம் பார்க்க அவர் கையைத் திருப்பும்போது, எதையோ யாசிப்பவரைப் போலத் தோன்றும். வாழ்நாளில் ஒரு தடவையேனும் அவர் விமானத்தில் ஏறியதில்லை.

அவருடைய முன்னறையில் ஓர் உலக உருண்டை இருந்தது. வெள்ளைக்காரர் போகும்போது விற்றுவிட்டுப் போன சாமான்களுள் ஒன்று. துருவத்தின் பக்கம் சற்றே நசுங்கியது. இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னால் அவற்றுக்கு நடுவே தங்கூசியை இழுத்துப் பிடித்து அளப்பார். தூண்டிலுக்குக் கட்டும் அந்த நைலோன் இழையைக் கடற்கரைப் பக்கம் வலைச்சாமான் கடை வைத்திருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் வியாபாரி நானாவிடம் வாங்குவார்.

"என்ன கிளாக்கர் ஐயா, லண்டன்ல மீன் புடிக்கப் போறீங்களா?" என்று நானா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"பருத்தி நூல் மழைக்குச் சுருங்கும், நானா. இருபது மைல் பிழைச்சுப் போகும்" என்று அவரும் ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்வார்.

நான் அக்காலத்தில் பாடசாலையில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பறையின் சுவர்ப்படத்தை அவர் ஒருபோதும் மதித்ததில்லை. "உங்கட படத்தில வடக்கு முழுக்க இழுபட்டுக் கிடக்கு. அதை நம்பி ஒருத்தரையும் பயணம் அனுப்பாதேங்கோ" என்பார். லண்டனில் உள்ள நூலகங்களைப் பற்றி நான் படித்ததை ஒரு நாள் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இறங்கின பிறகு பாக்கலாம்" என்றார். நகரங்கள் அவருக்கு ஒரு பொருட்டல்ல. ஓர் ஊரிலிருந்து எழும்பிய மனிதர் மற்ற ஊரில் கால் பதிக்கும்வரை உள்ள அந்த இடைவெளியில்தான் அவர் குடியிருந்தார்.

எங்கள் பெண்களுக்கு அவர் தேவைப்பட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. வீட்டை விட்டு ஒருவர் தூரப் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக் கூடாது என்பது வழக்கம். கூட்டினால், போனவருடைய காலடியையும் சேர்த்துக் கூட்டிவிட்டதாக ஆகும். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போனவர்கள் விடயத்தில் தொல்லை இல்லை. பொழுது சாய்வதற்குள் பஸ் போய்விடும். பிள்ளைகள் விமானம் ஏறத் தொடங்கிய பிறகுதான் தும்புத்தடியை எப்போது கையில் எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. தந்தி வர இரண்டு நாள் செல்லும். அதுவரை குப்பைக்குள் இருக்க முடியுமா? ஆகவே எல்லாரும் அவரிடம் போனார்கள். அவர் தங்கூசியை இழுத்து, மேலே ஏறுவதற்கு இருபது நிமிடம், கீழே இறங்குவதற்கு இருபது நிமிடம், நடுவில் எண்ணெய் நிரப்பத் தரித்தால் அதற்கு ஒரு மணித்தியாலம் என்றெல்லாம் கூட்டி, எங்கள் நேரத்தில் ஒரு நேரத்தைச் சொல்வார். அந்த நேரம் வந்ததும் தன் வாசலில் எழுந்து நின்று, "சரி, கூட்டுங்கோ" என்பார். இரண்டு நாள் கழித்து வரும் தந்தி அவர் சொன்னதை மெய்ப்பிக்கும். ஒரு தடவையும் பிழைத்ததில்லை.

அந்த நேரம் வரும்வரை அவர் வாசற்கதிரையை விட்டு எழமாட்டார். சாப்பிடவும் மாட்டார். போகிறவர் அவருக்கு உறவா, பகையா என்பது கணக்கில் இல்லை. ஒரு முறை, அவரோடு எல்லை வழக்குப் பேசி முகம் பார்க்காமல் இருந்த ஒருவரின் மகன் குவைத்துக்குப் போனான். அவனுக்காகவும் அவர் மழைச்சாரலில் ஆறு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. உருண்டையைப் பார்க்க நான் போன ஒரு பிற்பகலில் அது மேசையில் திறந்து கிடந்தது. போனவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு நேரங்கள். முதலாவது, தெரு முழுவதும் அறிந்த நேரம். மற்றது அதற்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் பிந்தியது.

"இது என்ன நேரம், மாமா?"

"அது பெற்றோல் முடியிற நேரம். அதுக்குப் பிறகு ஆகாயத்தில ஒருத்தரும் இருக்க ஏலாது."

விமானத்தளத்தில் அவருக்கு ஆரம்ப நாட்களில் இருந்த வேலையே அதுதானாம். வரவேண்டிய விமானங்களைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வந்து சேரும் நேரம் ஒன்று, பெற்றோல் தீரும் நேரம் ஒன்று. வந்தவுடன் அழித்துவிட வேண்டும். வராவிட்டால், இரண்டாவது நேரம் கடக்கும்வரை அழிக்கக் கூடாது.

"ஒரு நாள் தெற்குப் பக்கத்தால வரவேண்டிய ஒண்டு வரேல்ல. ரெண்டாவது நேரமும் போட்டுது. தொரை சொன்னார், அழிச்சுவிடு எண்டு. நான் அழிச்சன். வெண்கட்டித்தூள் கையில இருக்கேக்க சத்தம் கேட்டுது. வந்திட்டாங்கள்."

"அப்ப நல்லதுதானே?"

"நல்லதுதான். ஒரு எஞ்சினை நிப்பாட்டிப் பெற்றோலை மிச்சம் பிடிச்சு வந்திருக்கிறாங்கள். அஞ்சு பேரும் உள்ளுக்கு வந்தாங்கள். அதில ஒருத்தன் பலகையைப் பாத்தான். அவன்ர இடம் வெறுமையாய்க் கிடந்தது. அவங்கள் சிரிச்சாங்கள், பிள்ளை. எனக்குச் சிரிக்க ஏலாமப் போச்சு." கொப்பியை மூடி, அதன்மேல் கையை வைத்தார். "ஒரு ஆளைக் கடைசி நிமிசம்வரைக்கும் அழிக்கக் கூடாது. அதுக்காகத்தான் ரெண்டாவதையும் எழுதிறனான்."

நான் மட்டுமே அந்த விளக்கத்தைக் கேட்டேன். தெரு வேறு விதமாக அறிந்துகொண்டது. சிங்கப்பூருக்கு மணம் முடித்துப் போன பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்கு அவளுடைய தாய் புறப்பட்டார். அன்று குசினிக்குள் இருந்து பகடி விட்டவர். போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் காய்ச்சலில் இறந்துபோனார். செத்தவீட்டில் யாரோ கொப்பியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள்.

"அந்த ஆள் ரெண்டு நேரம் எழுதுமாம். ஒண்டு போய்ச் சேரும் நேரமாம். மற்றது என்னெண்டு கேக்கவே பயமாக் கிடக்கு."

"மற்றது ஆளே போய்ச் சேரும் நேரமாக்கும்."

நான் அங்கே இருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. செத்தவீட்டில் வாதாடுவது பண்பல்ல என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதன் பின்னர் பயணம் போகிறவர்கள் அவருடைய வாசலைத் தவிர்த்து, மறுபக்க ஒழுங்கையால் போகத் தொடங்கினார்கள். யாருடைய பெட்டியாவது கார்க் கூரையில் ஏறுவதைக் கண்டால் அவர் வாசலுக்கு வருவார். கார்க் கண்ணாடி உயரும். அவர் கேட்கவந்ததைக் கேட்காமலே திரும்பிவிடுவார்.

இந்த நிலையில்தான் என் தம்பிக்கு லண்டன் போகும் வழி திறந்தது. அவனுக்கு இருபத்து நான்கு வயது. பல்கலைக்கழகம் இரண்டு தடவை கைவிட்டுப் போயிருந்தது. கொழும்பில் கந்தோர் வைத்திருப்பதாகச் சொன்ன ஒரு பயண முகவர், படிப்பு விசாவில் அனுப்புவதாக ஏற்றுக்கொண்டார். கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் விமான நிலையத்தில் கையில் தரப்படும் என்றார். வீட்டுக்கென்று அவர் தந்தது ஒரு துண்டுக் கடதாசி. அதில், திகதியின் கீழ், 'புறப்பாடு காலை 8.40, இறக்கம் முற்பகல் 11.20' என்று எழுதியிருந்தது.

"என்னடா இது? மூண்டு மணித்தியாலத்தில லண்டனோ?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா, அங்கத்தை நேரம் எங்கட நேரத்துக்குப் பின்னுக்கு. அக்காவைக் கேளுங்கோ" என்றான் தம்பி.

நானும் ஓம் என்றேன். பின்னுக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்பதும் தெரியும். கூட்டிப் பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது. புவியியல் கற்பித்த நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

"அந்த மனிசன்ர காதில விழக் கூடாது. விழுந்தா எழுதிப்போடும்" என்று அம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார்.

மார்கழி மாதம். கொட்டியாரக் குடாப் பக்கம் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தம்பி கொழும்புக்குப் புறப்பட்ட காலையில், கார் முடக்கால் திரும்பிய பிறகு நான் முற்றத்துக்கு வந்தபோது அவர் வேலியோரம் நின்றார்.

"தம்பி பெட்டியோட போறான். எங்க, பிள்ளை?"

"கொழும்புக்கு, மாமா. நேர்முகப் பரீட்சைக்கு."

"நூற்றி அறுபது மைல். இப்ப ஒன்பது மணி." கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகு ஒருவர் அவருக்குப் பதில் சொல்லியிருந்தார். "மழை ரோட்டு. மூண்டு மணிக்குச் சேருவான்."

அன்று முழுவதும் அவர் வாசற்கதிரையில் இருந்தார். மத்தியானம் சாப்பிட எழுந்து போகவில்லை. சரியாக மூன்று மணிக்கு வேலிக்கு மேலாகக் குரல் வந்தது: "பிள்ளை, கூட்டுங்கோ!" அம்மா என்னைப் பார்த்தார். நான் தும்புத்தடியை எடுக்கவில்லை. எங்களுடைய கணக்கில் பயணம் இன்னும் தொடங்கவே இல்லை. அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வெறும் முற்றத்தில் நாலு இழுப்பு இழுத்தேன்.

மறுநாள் விமானம் எழும்பிய நேரத்தில் அம்மா சாமியறையில் இருந்தார். துண்டுக் கடதாசியின் கணக்குப்படி, எங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்குச் சற்று முன்னர் தம்பி லண்டனில் இறங்கினான். வீட்டைக் கூட்டினோம். காளி கோயிலில் அருச்சனை செய்து, தெருவுக்கெல்லாம் பொங்கல் கொடுத்தோம். கிளாக்கர் மாமாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் காரணம் கேட்பார்.

தந்தி வரவில்லை. மூன்றாம் நாள், தபாற்கந்தோரில் தாமதம் என்றோம். ஐந்தாம் நாள், முகவரின் கந்தோருக்கு அடித்த தந்தி அப்படி ஒரு விலாசம் இல்லை என்று திரும்பி வந்தது. ஏழாம் நாள் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். அன்று பிற்பகல் துண்டுக் கடதாசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். தம்பி போனது லண்டனுக்கு என்றும், நான் பொய் சொன்னேன் என்றும் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

அவர் கடதாசியை வாங்கி, மேசையில் வைத்து, விரலால் நீவினார்.

"இதை ஆர் எழுதினது?"

"ஏஜென்சிக்காரர், மாமா."

"லண்டன் எங்களுக்கு அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்கு. எட்டு நாப்பதுக்கு எழும்பி, அவையின்ர பதினொண்டு இருபதுக்கு இறங்கினா, பறந்த நேரம் எட்டு மணித்தியாலமும் பத்து நிமிசமும்." என்னைப் பார்க்காமலே பேசினார். "ஐயாயிரத்து நானூறு மைல், பிள்ளை. ஒரு இடமும் தரிக்காமப் போனாலும் பத்தே முக்காலுக்குக் குறைய ஏலாது. இது லண்டன் இல்ல."

"அப்ப எங்க?"

அவர் தங்கூசியை எடுத்தார். ஓர் ஊரின் பெயரை முணுமுணுத்து, அதன் நேர வித்தியாசத்தைக் கூட்டி, வரும் மணித்தியாலத்தைத் தூரமாக்கி அளந்தார், பொருந்தவில்லை. இன்னோர் ஊர், பொருந்தவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இழை கொழும்பிலிருந்து மேற்கே சுருங்கிச் சுருங்கி வந்தது. கடைசியில் அரபுக் கடலுக்கு அப்பால், பாரசீக வளைகுடாவின் வாய்ப்பக்கம் அவருடைய நகம் நின்றது.

"இந்தப் பக்கம் ஒண்டரை மணித்தியாலந்தான் பின்னுக்கு. அப்ப பறந்தது நாலு மணித்தியாலமும் பத்து நிமிசமும். தூரமும் சரியா வருது. துபாய். இல்லாட்டி, பக்கத்தில அபுதாபி." பின்னர் கடதாசியில் இருந்த திகதியை வாசித்தார். "நீங்கள் கொழும்புக்கு எண்டு சொன்னதுக்கு அடுத்த நாள்."

"ஓம், மாமா."

"அந்த நேரம் இதைக் காட்டியிருந்தா…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்கோ. நானாவின்ர மச்சான் துபாய்த் துறைமுகத்திலதானே வேலை."

கிண்ணியா நானா கடையின் பாதிப் பலகையைப் போட்டுவிட்டு எங்களோடு தபாற்கந்தோருக்கு நடந்து வந்தார். "அழாதீங்க, புள்ள. என்ட மச்சான் ஒரு பொல்லாத ஆள். ஊசி விழுந்தாலும் தேடி எடுப்பான்" என்றார். தந்தியில் தம்பியின் பெயர், உயரம், வலப்புருவத்துத் தழும்பு, விமானம் இறங்கிய திகதி, நேரம் எல்லாவற்றையும் கிளாக்கர் மாமாதான் தன் கையால் எழுதினார்.

மூன்று கிழமை கழித்து மச்சானின் கடிதம் வந்தது. நானா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பாடசாலை விடும் நேரம் பார்த்து வாசலில் நின்று என் கையில் தந்தார். கணக்குச் சரி. தம்பி துபாயில்தான் இறங்கியிருந்தான். 'அங்கே வெளியில் நில், எங்களுடைய ஆள் லண்டன் சீட்டோடு வருவார்' என்று முகவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். யாரும் வரவில்லை. விமான நிலையத்தின் வெளிவாசலில், தூண் ஒன்றின் அடியில், பெட்டிமேல் அமர்ந்து இரண்டு பகலும் இரண்டு இரவும் காத்திருந்திருக்கிறான். அங்கே கூட்டித் துடைக்கும் மலையாளி ஒருவர் அவனுக்கு ரொட்டி கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலை, வேலைக்கு ஆள் சேர்க்கும் லொறி ஒன்று வந்து அவனையும் வேறு பதினொரு பேரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. பாலைவனத்துக்குள் றோட்டுப் போடும் இடம் என்றார்களாம். எந்த இடம் என்று அந்த மலையாளிக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு வாசித்தபோது அந்த இரண்டு நாட்களை நான் விட்டுவிட்டேன். கிளாக்கர் மாமாவுக்கு வாசித்தபோது விடவில்லை. விட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் உருண்டையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"லொறி எந்தப் பக்கம் போனதாம்?"

"எழுதேல்ல, மாமா."

"எத்தினை மணித்தியாலம் எண்டாவது?"

"அதுவும் இல்ல."

தங்கூசியைக் கையில் எடுத்தார். அதன் ஒரு நுனியைத் துபாயின் மேல் வைத்தார். மறு நுனியை வைக்க ஓர் இடம் இருக்கவில்லை. நெடுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

நானாவின் மச்சான் இரண்டு முகாம்களுக்குப் போய் விசாரித்தார். பயனில்லை. எட்டு மாதம் கழித்துத் தம்பியின் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது; நலமாக இருக்கிறேன், வேலை கடுமை, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று ஏழு வரி. விலாசம் இல்லை. முத்திரை வேறொரு நாட்டுக்குரியது. அதற்குப் பின்னர் எதுவும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

முகவரின் பொய்யை அவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த செய்தி தெருவில் பரவியதும், ஒழுங்கையால் போனவர்கள் மீண்டும் அவருடைய வாசலுக்கு வரத் தொடங்கினார்கள். எழுபதுகளின் கடைசி அது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தார். நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் கூட முகவர் தந்த கடதாசிகளோடு தாய்மார் வந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்தார். "சரி" என்றோ "இது அங்க போகாது" என்றோ சொல்வார், வேறு பேச்சில்லை. அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போய், கேட்க முடியாமல், ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு வந்தார். என்மீது அவருக்குக் கோபம் இருந்ததாக நான் ஒருபோதும் உணரவில்லை. முன்போலவே பிள்ளை என்று அழைத்தார். முன்போலவே என் சுவர்ப்படத்தைக் குறை சொன்னார்.

மறு ஆண்டு, பரீட்சை விடைத்தாள் திருத்த நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. காலை வண்டிக்கு, பெட்டியோடு படலையைத் திறந்தபோது அவர் வேலியோரம் நின்றார்.

"எங்க, பிள்ளை?"

"கொழும்புக்கு, மாமா."

மைல் சொல்வார் என்று நின்றேன். அவர் வேலிக்கு மேலாகக் கையை நீட்டினார். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. மணிக்கூட்டைப் பார்க்கத்தான் திருப்பினாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

"ரிக்கற்றைக் காட்டுங்கோ" என்றார்.

கைப்பையைத் திறந்து புகையிரதச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, எங்கிருந்து, எதுவரை, எந்தத் திகதி என்று முன்பக்கத்தை நிதானமாக வாசித்தார். பிறகு சீட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் எதுவும் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. அதையும் நின்று வாசித்தார்.